"நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லும் தம்பிக்கு லடாக்கில் ஒரு நாள் எப்படிப் போகிறது?

வாழப்பாடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது: "என் தம்பி அக்னிவீராகச் சேர்ந்து, பயிற்சி முடித்து, இப்போது லடாக்கில் இருக்கிறான். போன் செய்தால் 'நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வைக்கட்டுமா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. அங்கே அவனுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? வீட்டு நினைப்பு வருமா? நாங்கள் இங்கிருந்து செய்யக்கூடியது ஏதாவது உண்டா?"

நான் ராணுவத்தின் பொறியாளர் பிரிவுகளில் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊர் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி, அப்புறம் லடாக், ராஜஸ்தான், அருணாசலம் என்று சுற்றினேன். 1780ல் தொடங்கிய எங்கள் குரூப்பில் சிப்பாய்களைத் 'தம்பி' என்றுதான் சொல்வார்கள், தெலுங்குக்காரர், மலையாளி, கன்னடக்காரர் எல்லோரையும் சேர்த்து. அந்த வகையில் உங்கள் தம்பி எந்தப் படைப்பிரிவில் இருந்தாலும் எனக்கும் தம்பிதான். அவன் யூனிட்டின் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த உயரத்தில் பொழுது போகிற விதம் எல்லா யூனிட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவன் சொல்வது பொய்யில்லை. மூச்சு ஒழுங்காக வருகிறது, கால் விரல்கள் நன்றாக இருக்கின்றன, ராத்திரி டியூட்டி முடித்துப் படுத்துவிட்டான் என்றால் அங்கே அது நல்ல நாள்தான். மீதியை ஏன் சொல்வதில்லை என்றால், சொல்வதற்குப் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. சாக்ஸ் காயவில்லை, ஸ்டவ் அணைந்துவிட்டது, பருப்பு வேகவில்லை. ஒரு நாள் முழுக்க இந்த மாதிரிச் சில்லறை வேலையில் போய்விடும். இதைப் போனில் சொன்னால் அக்கா சிரிப்பாளா அழுவாளா என்று அவனுக்குத் தெரியாது. அதனால் சாப்பிட்டேன் என்று முடித்துக்கொள்கிறான்.

இன்னொரு காரணமும் உண்டு. மேலே இருக்கிற போஸ்டுகள், அதாவது காவல் முகாம்கள், எல்லாவற்றிலும் செல்போன் டவர் கிடையாது. இல்லாத இடத்தில் சாட்டிலைட் போன் ஒன்று இருக்கும். ஒவ்வொருவருக்கும் சில நிமிஷம். பின்னால் ஆறேழு பேர் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், நீங்கள் பேசுவது முழுக்க அவர்கள் காதில் விழும். அம்மாவிடம் "உன் ரசம் ஞாபகம் வருதும்மா" என்று சொல்ல எந்தப் பையனுக்கு வாய் வரும்? அந்தப் போனில் நிமிஷத்துக்கு 5 ரூபாய் இருந்ததை 2017 தீபாவளி சமயத்தில் 1 ரூபாய் ஆக்கினார்கள். காசு பிரச்சினை தீர்ந்தது, வரிசை தீரவில்லை.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே மற்ற எல்லாமே அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஏற்காட்டுப் பையன்கள் நாமும் மலைக்காரர்கள்தானே என்ற தெம்போடு போவார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் ஏற்காடு சுமார் 5,000 அடி. சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சிகூட 5,300 அடியைக் கொஞ்சம்தான் தாண்டும். லே டவுனே சுமார் 11,500 அடி. பஜார், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் அந்த உயரத்தில். அதற்கும் மேலே போனால் 18,000 அடியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். நம் மலையில் பிறந்தவனுக்கும் கடலூரில் பிறந்தவனுக்கும் அங்கே வித்தியாசமே கிடையாது. இரண்டு பேருக்கும் தலை ஒரே மாதிரி வலிக்கும்.

அதனால் போன உடனே யாரையும் மேலே ஏற்ற மாட்டார்கள். 9,000 முதல் 12,000 அடி வரை முதல் கட்டம், 6 நாள். அதில் முதல் 2 நாள் சாப்பிடுவது, படுப்பது, கொஞ்சம் நடப்பது, அவ்வளவே. அப்புறம் மெதுவாக நடை, பிறகு சின்ன ஏற்றம். 12,000 முதல் 15,000 வரை இன்னொரு 4 நாள். அதற்கும் மேல் போக வேண்டுமானால் மறுபடி 4 நாள். டாக்டர் தினமும் பார்ப்பார். லீவில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினாலும் உடம்பை மறுபடி பழக்கித்தான் மேலே அனுப்புவார்கள். புதுப் பையன்களுக்கு இந்த ஓய்வு பிடிக்காது, பத்து தண்டால் எடுத்துக் காட்டலாமா என்று கை துறுதுறுக்கும். அப்படி ஆடியவர்களைத்தான் முதலில் 'ஹாப்போ' பிடிக்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு கரகரக்கிற வியாதி அது. உடனே ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. லேசான இருமல், தலைவலி என்றாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதை அவனிடம் நீங்களும் ஒரு தடவை சொல்லுங்கள். சாப், அதாவது மேலதிகாரி, சொன்னால் கேட்பதைவிட அக்கா சொன்னால் கேட்பான்.

சரி, நாளுக்கு வருவோம். போஸ்டில் பொழுது விடிவதற்கு முன்பே எல்லோரும் ஆயுதத்தோடு அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். ஸ்டாண்ட்-டூ என்பார்கள். வெளிச்சம் நன்றாக வந்தபிறகு டீ. ஸ்டீல் மக்கில் ஊற்றி வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி ஆறிவிடும். அடுத்தது கால். பூட்ஸ், சாக்ஸ் கழற்றி விரல் விரலாகப் பார்ப்பார்கள். வெளுத்துப் போயிருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா? மெட்ராஸ் சாப்பரோ ராஜ்புத்தோ, கமாண்டர் குனிந்து அவன் காலைப் பார்த்தே ஆக வேண்டும். வீட்டில் அம்மாகூட அப்படி நம் காலைப் பார்த்திருக்க மாட்டாள். ஈர சாக்ஸை ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வயிற்றோடு வைத்துப் படுப்போம், உடம்புச் சூட்டில்தான் அது காய வேண்டும். பேஸ்ட், பேனா, பேட்டரி எல்லாவற்றுக்கும் அதே பைக்குள் இடம் உண்டு. வெளியே வைத்தால் பேஸ்ட் கட்டியாகிவிடும், பேனா எழுதாது, பேட்டரி செத்துவிடும்.

அப்புறம் தண்ணீர். குழாய் கிடையாது. பனிக்கட்டியை வெட்டி எடுத்து வந்து ஸ்டவ்வில் உருக்க வேண்டும். ஒரு பாத்திரம் நிறையப் பனி போட்டால் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் நிற்கும், மறுபடி போடு, மறுபடி போடு. மண்ணெண்ணெய் ஜெர்ரி கேன் சுமப்பது அடுத்த வேலை. இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு பத்து அடி வைத்து நின்று மூச்சு வாங்கி மறுபடி பத்து அடி. நாங்கள் சாப்பர்கள் என்பதால் பாதை வெட்டுவதும் பங்கர் சரி செய்வதும் கூடுதல். மத்தியானத்துக்குமேல் காற்று கிளம்பிவிடும், அதற்குள் வெளி வேலையை முடிக்கப் பார்ப்போம். துப்பாக்கியை வெறும் கையால் தொட்டால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் நடந்தால் சாயங்காலம் கண்ணில் மிளகாய்ப்பொடி போட்டதுபோல எரியும்.

உள்ளே குளிர்காய்வது புகாரியில். மண்ணெண்ணெய் அடுப்பு, குழாய் வழியாகப் புகை வெளியே போகும். எவ்வளவு போகிறது என்று கேட்காதீர்கள், காலையில் மூக்கைச் சிந்தினால் கரிதான் வரும். படுக்கும்முன் அதை அணைத்தே ஆக வேண்டும், காற்றுப்போக்கி திறந்தே இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடிவிட்டு எரிய விட்டால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இதில் எந்த கமாண்டரும் சலுகை காட்ட மாட்டார். ஆகவே ராத்திரி குளிரத்தான் செய்யும். அப்போது இரண்டு மணி நேரம் சென்ட்ரி என்கிற காவல், குளிர் ரொம்ப இறங்கினால் அதைவிடக் குறைவாக மாற்றி மாற்றி நிற்பார்கள்.

சென்ட்ரி நிற்கிறவன் என்ன யோசிப்பான்? கணக்குப் போடுவான். தங்கச்சி கல்யாணக் கடனில் எவ்வளவு பாக்கி, போர்வெல் எத்தனை அடிக்குப் போயிருக்கிறார்கள், சித்தப்பா வாங்கின பணத்தைக் கொடுப்பாரா? நாகலூரில் இப்போது நான் இருக்கிற வீட்டை நான் கட்டியது முழுக்க லடாக்கில்தான். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம், படிக்கட்டு உள்ளேயா வெளியேயா, மிளகுக் கொடி ஏறின அந்த சில்வர் ஓக்கை வெட்டாமல் சுவரை எப்படித் திருப்புவது? ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கட்டுவேன். மேஸ்திரி வந்து நின்றபோது எனக்கு வரைபடமே தேவைப்படவில்லை. நாட்டைக் காக்கிற நினைப்பு இல்லையா என்றால், அது கையில் இருக்கிற ஆயுதத்தில் இருக்கிறது. மனசு ஊரில் கிடக்கும்.

சாப்பாடு பற்றி அம்மாக்கள்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள், ஆனால் உண்மையில் கவலைப்பட வேண்டாத விஷயம் அது. ரேஷன் தாராளமாகவே வரும். முந்திரி, சாக்லேட், டின் பால், டின் அன்னாசி எல்லாம் உண்டு. பிரச்சினை பசி. உயரத்தில் பசியே எடுக்காது, சாப்பாட்டைப் பார்த்தாலே எரிச்சல் வரும், உத்தரவு போட்டுச் சாப்பிட வைப்பார்கள். 15,000 அடியில் தண்ணீர் 85 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் வேகாது. குக்கர் இல்லாவிட்டால் சோறு வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று இருக்கும். எங்கள் லங்கரில் ஓமலூர்க்காரர் ஒருவர் சமையல். ஞாயிற்றுக்கிழமை இட்லி போட வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம். குளிரில் மாவு புளிக்காது. மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, புகாரி எரிகிற வரைக்கும் அதன் பக்கத்தில் வைத்து, அணைத்தபிறகு தன் ஸ்லீப்பிங் பேக்கோடு சேர்த்து அணைத்துக்கொண்டு தூங்குவார். இட்லி கல்லு மாதிரிதான் வரும். ஆனாலும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டோம்.

நாக்கு கேட்பது விருந்து இல்லை, ரோட்டோரச் சாப்பாடு. சேலத்துக்காரன் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு தட்டுவடை செட்டில் வந்து நிற்கும். தட்டுவடை மேல் சட்னி, அதன்மேல் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை வைத்து மூடி ஒரே வாயில் போடுவது. அம்மாபேட்டைப் பையன் ஒருவன் உப்பு பிஸ்கட்டில் வெங்காயமும் ஊறுகாய் மசாலாவும் தடவிச் 'செட்' போட்டு விற்பதுபோல் நடித்துக் கொடுப்பான். பக்கத்து யூனிட் சர்தார்ஜி ஒருவர் அதற்காகவே வந்து போவார்.

பொழுதுபோக்கு என்றால் கேரம், சீட்டு, செல்போனில் ஏற்றி வந்த படங்கள். கொஞ்சம் கீழே இருக்கிற இடமானால் வாலிபால். சரிவில் ஆடுவதால் மைதானத்தைச் சுற்றி வலை கட்டியிருப்போம், வலையைத் தாண்டிப் பந்து பள்ளத்துக்குப் போனால் அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். அநேகமாக ஒவ்வொரு போஸ்டிலும் நாய்கள் ஒன்றிரண்டு இருக்கும். யாரும் வளர்க்கவில்லை, அவையாக வந்து ஒட்டிக்கொண்டவை. எங்கள் நாய்க்குத் தமிழ்தான் புரியும்.

பயம் பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனால் மனதில் இருக்கும். சியாச்சினில் 1984ல் இருந்து நம் ஆட்கள் நிற்கிறார்கள். அங்கே குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் குளிரும் பனிச்சரிவும் கொண்டுபோனவர்கள்தான் அதிகம், 2003 நவம்பருக்குப் பிறகு அந்தப் பக்கம் சண்டை நிறுத்தமும் இருக்கிறது. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி 19 மெட்ராஸ் பட்டாலியனின் 10 பேர் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம். அதற்கப்புறம் வானிலை எச்சரிக்கை வந்தால் ஏன் நகர விடமாட்டேன் என்கிறார்கள் என்று எந்தப் பையனும் முணுமுணுப்பதில்லை. உங்கள் தம்பி சியாச்சினில்தான் இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. லடாக் ரொம்பப் பெரியது.

இப்போது வீட்டு நினைப்புக்கு வருகிறேன், எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். குளிரையும் மூச்சுத்திணறலையும் உடம்பு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். பழகாதது ஒன்றே ஒன்று: வீட்டில் என்ன நடக்கிறது என்று அரைகுறையாகத் தெரிவது. முழுக்கத் தெரிந்தால் தாங்கலாம். தெரியவே தெரியாவிட்டாலும் தாங்கலாம். பாதி தெரிந்தால் தூக்கம் போய்விடும்.

வாழப்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். வீட்டுக்குப் பேசும்போது "அப்பா எங்கம்மா" என்று கேட்டிருக்கிறான். "வெளிய போயிருக்காரு சாமி, ஒன்னுமில்ல" என்று அம்மா சொல்ல, பின்னாலிருந்து யாரோ "ஆஸ்பத்திரிக்கு சோறு எடுத்தாச்சா" என்று கேட்டுவிட்டார்கள். லைன் துண்டித்துக்கொண்டது. அதற்கப்புறம் பனி பிடித்துக்கொண்டு பல நாள் போன் இல்லை. அவன் சாப்பிடவில்லை, டியூட்டியில் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அப்படிப்பட்டவனை ஆயுதத்தோடு தனியாக நிறுத்தக் கூடாது என்று எங்கள் சாப் அவனை லங்கரில் வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார். கடைசியில் லைன் கிடைத்துப் பேசினால், அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரே நாளில் வீட்டுக்கு வந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். பையன் கவலைப்படக் கூடாதே என்று அம்மா மறைத்திருக்கிறார். நல்ல மனசுதான், ஆனால் அந்த நல்ல மனசால் ஒரு செக்‌ஷனே சோர்ந்து கிடந்தது.

எங்கள் அப்பா இதில் வேறு மாதிரி. மூன்றாம் வகுப்பு படித்தவர், காபித் தோட்டத்தில் மேஸ்திரி. இன்லேண்ட் லெட்டரில் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதுவார். "பூ மழை இந்த வருசம் நேரத்துக்குப் பேஞ்சுது. ரெண்டு சில்வர் ஓக் காத்துல சாஞ்சு போச்சு. மிளகு சுமார். உங்க அம்மாவுக்கு முட்டி வலி, டாக்டர்கிட்ட காட்டியாச்சு, மாத்திரை குடுத்திருக்காரு, இப்ப தேவலாம். பெரியசாமி மாமன் காலமாயிட்டாரு, நான் போய்ட்டு வந்துட்டேன். கவலைப்படாதேன்னு எழுத மாட்டேன், கவலைப்பட்டு நீ அங்கிருந்து என்ன பண்ணப் போற." இவ்வளவுதான் கடிதம். டில்லி போய், 56 ஏபிஓ என்கிற ராணுவத் தபால் முத்திரை வாங்கி, கைக்கு வரும்போது சேதி பழசாகியிருக்கும். ஆனால் நடந்ததும் அதில் இருக்கும், அதற்கு யார் என்ன செய்தார்கள் என்பதும் இருக்கும். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். இப்போது வாட்ஸ்அப்பில் நொடிக்கு ஒரு சேதி போகிறது, அதில் இந்த இரண்டாவது பாதிதான் இருப்பதில்லை. "அம்மாவுக்கு முடியல" என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மேலே ஏறுவதற்கு முன் கடைசியாக அதைப் படித்துவிட்டுப் போகிறவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நீங்கள் கேட்ட 'ஏதாவது செய்யலாமா' என்பதற்கு முதல் பதில்: சேதியை முழுசாகச் சொல்லுங்கள். என்ன ஆச்சு, யார் பார்த்துக்கொள்கிறார்கள், அடுத்து என்ன, அவன் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா இல்லையா. கெட்ட சேதியானாலும் அப்படியே. உண்மையிலேயே அவன் வர வேண்டிய நிலைமை என்றால் அவனிடம் மட்டும் சொல்லாமல் யூனிட்டுக்கும் தெரியப்படுத்துங்கள், அவசர லீவு கொடுப்பார்கள். லீவு வாங்குவதற்காகப் பொய் சொல்லாதீர்கள். தந்தி இருந்த காலத்தில் 'அம்மா சீரியஸ், உடனே வரவும்' என்று மாசத்துக்கு ஒரு தந்தி எல்லா யூனிட்டுக்கும் வரும், ஆடி மாசத்தில் சேலத்து அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சீரியஸ் ஆகும். கம்பெனி சாப் கோட்டை மாரியம்மன் பண்டிகை எப்போது என்று காலண்டர் பார்க்காமலே சொல்வார்.

அவன் எங்கே இருக்கிறான், எப்போது இடம் மாறுகிறான், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்காதீர்கள். சொல்லக் கூடாது என்பதால் மழுப்புவான், நீங்கள் அவன் எதையோ மறைக்கிறான் என்று நினைப்பீர்கள். சீருடையில் அனுப்புகிற போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். சிம் விஷயம் ஒன்று: தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வாங்கின சிம். கீழே வரும்போது டவர் இருந்தும் அவன் பேசாமல் இருந்தால் கோபத்துக்கு முன் இதைக் கேளுங்கள்.

பேசும்போது சின்ன விஷயங்களைச் சொல்லுங்கள். நான் அருணாசலத்தில் இருந்தபோது டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்த நேரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டால் இங்கே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், களத்தில் காயப்போட்ட காபிக் கொட்டையைக் கால்களால் கிளறிக்கொண்டே பேசுவார். அந்தச் சரசர சத்தம் போனில் கேட்கும். அம்மா என்ன பேசினார் என்பதில் முக்கால்வாசி மறந்துவிட்டது.

பார்சல் அனுப்பலாம். விலாசத்தில் ஊர் பேர் வராது, அவன் நம்பர், ரேங்க், பேர், யூனிட், 56 ஏபிஓ, 9ல் தொடங்குகிற பின்கோடு, அவ்வளவுதான். கிழக்குப் பக்கம் மாற்றலானால் 99 ஏபிஓ ஆகும். போய்ச் சேர நாளாகும் என்பதால் மாம்பழம் ஆசையெல்லாம் வேண்டாம். மல்கோவா அனுப்பின வீட்டுப் பார்சலை நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திறந்திருக்கிறோம். எண்ணெய் ஊறுகாயும் வேண்டாம், ஒழுகி மற்றவன் கடிதத்தையும் நாசம் பண்ணும். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுருண்டை, தட்டை, மிளகுப்பொடி. பசி எடுக்காத இடத்தில் சோற்றில் பிசைய ஒரு பொடி இருந்தால் இரண்டு கவளம் கூட இறங்கும். ஒருவனுக்கு என்று அனுப்பாதீர்கள், பிரித்த நிமிஷம் அது செக்‌ஷனுக்குச் சொந்தம்.

இனி லீவு. எங்களுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல். உங்கள் தம்பி அக்னிவீர் என்பதால் அவனுக்கு வருஷத்துக்கு 30 நாள்தான். இது எனக்குச் சரியாகப் படவில்லை, குளிர் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. சம்பளமும் முதல் வருஷம் 30,000, அதில் 30 சதவீதம் அவன் பேரில் சேர்கிற சேவா நிதிக்குப் போய்க் கையில் 21,000, அதற்குமேல் இடத்துக்கேற்ற படி. நாலு வருஷம் முடிந்து 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். நாங்கள் சென்ட்ரியில் வீடு கட்டினோம், இந்தப் பையன்கள் நாலு வருஷம் கழித்து என்ன என்று கணக்குப் போடுகிறார்கள். அவனிடம் "உன்னை வெச்சுக்குவாங்களாடா" என்று போனுக்குப் போன் கேட்காதீர்கள். அது அவனுக்கும் தெரியாது.

அந்த 30 நாளில் வழியிலேயே கொஞ்சம் போய்விடும். லேயிலிருந்து விமானத்தில் சண்டிகர், அல்லது வண்டியில் ஜம்மு. வானிலை கெட்டால் டிரான்சிட் கேம்பில் உட்கார வேண்டியதுதான். டில்லியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் சேலம் வர ஏறக்குறைய இரண்டு நாள். ஜம்முப் பக்கமிருந்து நேராக வருகிற ஹிம்சாகர் வாரத்துக்கு ஒருநாள்தான். பொம்மிடி தாண்டியபிறகு இடது ஜன்னலில் சேர்வராயன் மலை தெரிய ஆரம்பிக்கும், அங்கிருந்து சேலம் ஜங்ஷன் வரைக்கும் எந்தப் பையனும் உட்கார மாட்டான், பெட்டியோடு கதவருகே வந்துவிடுவான்.

வந்தபிறகு நடப்பதுதான் கொடுமை. முதல் வாரம் சொந்தக்காரர் வீடு. அடுத்தது யார் யாருக்கோ கல்யாணம். மீதி நாள் ஆபீஸ் ஆபீஸாக வரிசை. ஆத்தூர்க்காரர் ஒருவர் எங்கள் யூனிட்டில் இருந்தார், ஒரு லீவு முழுக்கப் பட்டா பெயர் மாற்றத்துக்காக அலைந்து, கையெழுத்துப் போட வேண்டிய ஆள் லீவில் போயிருக்கிறார் என்று கேட்டுவிட்டு ரயில் ஏறி வந்தார். நிலத்தகராறு மாதிரி ஏதாவது இருந்தால் அவன் அலைய வேண்டாம். யூனிட்டிலிருந்து கமாண்டிங் ஆபீசர் கலெக்டருக்குக் கடிதம் எழுதுவார், இங்கே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் நீங்கள் மனு கொடுக்கலாம். அது ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், பணியில் இருப்பவன் குடும்பமும் போகலாம்.

நீங்களே இப்போது செய்து வைக்கக்கூடிய ஒன்று, பேர் விஷயம். நமக்கு இன்ஷியல்தான், அப்பா பேர் பின்னால் சேராது. ராணுவ ரெக்கார்டில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். அம்மா பேரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நாமினி, இன்ஷூரன்ஸ், பிறகு எது வந்தாலும் அந்த ஓர் எழுத்தில் நின்றுவிடும். அவன் ரெக்கார்டில் அப்பா, அம்மா பேரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கிறது என்று அவனிடம் எழுத்து எழுத்தாகக் கேட்டு, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் மூன்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுப் பேப்பரில் தப்பு என்றால் நீங்கள் இங்கேயே திருத்திவிடலாம். ரெக்கார்டில் தப்பு என்றால் அவன் கம்பெனி ஆபீஸில் எழுதிக்கொடுத்து, மாற்றத்தை ரெக்கார்டில் பதிவு செய்கிற 'பார்ட் டூ ஆர்டர்' போட வைக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். அவன் லீவுக்கு வருவதற்குள் உங்கள் பக்கத்து வேலை முடிந்திருந்தால் அந்த 30 நாளில் ஒரு வாரம் அவனுக்கு மிச்சம்.